மஞ்சளை மஞ்சளில் சொருகு

ஒரே எம்.ஜி.ஆர். படத்தை இருபத்திரண்டு நாள் விடாமல் ஒளிபரப்பும் டிவி சேனல் எது என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. ஆனால் ஏரியூரில் என் அம்மா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தினமும் ராத்திரி எட்டரைக்கு, திருவல்லிக்கேணி மேன்ஷனில் என் கட்டிலில் உட்கார்ந்து (நாற்காலியில் துணி காய்கிறது) ஊருக்கு போன் போடுவேன். சம்பாஷணை எப்போதும் ஒரே மாதிரிதான்.

"சாப்டியாம்மா?"

"ஆச்சு கண்ணு. களி கிண்டினேன்."

"டிவி பாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன்."

"என்ன போட்டான்?"

"எம்.ஜி.ஆர். படம்."

முதல் நாள் சரி. இரண்டாம் நாளும் சரி. எம்.ஜி.ஆர். நூற்றுக்கு மேல் படம் நடித்தவர், தினம் ஒன்று போட்டாலும் மூன்று மாசம் ஓடும். ஆனால் நான் பி.காம். படித்தவன். கணக்கில் ஏதோ இடித்தது. சாதாரணமாக எட்டரை மணிக்கு போன் போட்டால் அம்மா, "சீரியல் ஓடுதுடா, வெச்சிட்டு அப்புறமா பேசு" என்று டொக்கென்று வைத்துவிடுவாள். நாற்பது செகண்டுக்கு மேல் பேசியதாகச் சரித்திரம் கிடையாது. இப்போதோ இருபது நிமிஷம், இருபத்தைந்து நிமிஷம் பேசுகிறாள். பக்கத்து வீட்டு எருமை கன்று போட்டது, கடலைக்காய் விலை, யாருக்கு எங்கே பெண் பார்த்திருக்கிறார்கள்... அம்மாவுக்கு என் மேல் பாசம் அதிகமாகிவிட்டது என்று முட்டாள்தனமாகச் சந்தோஷப்பட்டேன்.

இருபத்திரண்டாம் நாள் பக்கத்து வீட்டுப் பையன் போன் செய்தான். ஒன்பதாவது படிக்கிறான்.

"அண்ணா, ஆயா சொல்லக் கூடாதுன்னுச்சு. ஆனா சொல்றேன். ஆயா வீட்டுல மூணு வாரமா மழைதாண்ணா."

"என்னடா, ஏரியூர்ல மழையா! நல்ல விஷயம்தானே?"

"வெளியில இல்லண்ணா. டிவியில."

★ ★ ★

அந்த டிவியின் ஜாதகத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது அரசாங்க டிவி. 2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று கலைஞர் ஆட்சியில் ஆரம்பித்த இலவச கலர் டிவி திட்டத்தில், ஐந்து வருஷத்துக்குள் தமிழ்நாடு முழுக்க ஒன்றரைக் கோடிக்கும் மேல் பதினாலு அங்குல டிவிக்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. அதில் ஒன்று எங்களுடையது. அப்பா ரேஷன் கார்டைக் காட்டி, கையெழுத்துப் போட்டு, பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தார்.

"சைக்கிள் கேரியர்ல வெச்சுத் தள்ளிட்டு வந்திருக்கலாமே?" என்றேன்.

"பொறந்த கொழந்தையை யாராவது கேரியர்ல வெச்சுத் தள்ளிட்டு வருவாங்களாடா?" என்றார்.

அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் இருந்தது கறுப்பு வெள்ளை. கடக் கடக்கென்று திருகுகிற குமிழ். ஓட்டு மேல் மீன் முள் மாதிரி ஒரு ஆன்டெனா. சுற்றிலும் மலை இருக்கிற ஊரில் டிவி அலையைப் பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அது வானொலியின் மத்திய அலை மாதிரி வளைந்து நெளிந்து வராது. கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் வருகிற ஜாதி. நடுவில் மலை வந்தால் "எனக்கென்ன போச்சு" என்று திரும்பிப் போய்விடும்.

ஆகவே வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' என்றால், அப்பா ஓட்டு மேல், அம்மா வாசலில், நான் டிவி முன்னால். நான் சொல்வதை அம்மா வாங்கி மேலே அனுப்புவாள்.

"வருதா?"

"வர்லப்பா!"

"வர்லீங்களாம்! நாகமறை பக்கம் திருப்புங்க!"

"இப்ப?"

"தாண்டிட்டீங்க! கொஞ்சம் பென்னாகரம் பக்கம் வாங்க!"

ஒரு நாள் தூறல். ஓடு வழுக்கும். திரையில் கதாநாயகிக்கு மூன்று முகம் தெரிகிறது, அதில் ஒன்றுக்குத்தான் மூக்கு இருக்கிறது. மேலே அப்பாவின் கால் சறுக்குகிற சத்தம் கேட்டது. எனக்கு ஆறு வயசு. "வந்துடுச்சுப்பா, நல்லா வருது, எறங்குங்க!" என்று கத்திவிட்டேன்.

அப்பா இறங்கி வந்து தலையைத் துவட்டிக்கொண்டே திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ம்... நல்லாத்தான் வருது" என்று உட்கார்ந்து கடைசி வரைக்கும் பார்த்தார்.

எங்கள் குடும்பத்தில் "வருது" என்று பொய் சொல்கிற வழக்கம் இப்படித்தான் ஆரம்பித்தது.

★ ★ ★

அப்புறம் டிஜிட்டல் வந்தது.

அனலாக்குக்கும் டிஜிட்டலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் ஒரு காமர்ஸ்காரன் இப்படித்தான் சொல்வான். அனலாக் என்பது மார்க் ஷீட். சிக்னல் முப்பது மார்க் வாங்கினால் படமும் முப்பது மார்க்குக்குத் தெரியும். மூன்று முகம், ஒரு மூக்கு, ஆனாலும் பாட்டு கேட்கும். டிஜிட்டல் என்பது பாஸ், ஃபெயில் மட்டும் போட்டிருக்கும் நோட்டீஸ் போர்டு. படத்தை எண்களாக்கி அனுப்புகிறார்கள். போதுமான எண்கள் ஒழுங்காக வந்து சேர்ந்தால் பளிங்கு மாதிரி படம். குறைந்தால் கட்டம் கட்டமாக உடைந்து, அப்படியே நின்று, கடைசியில் சுத்தமாக ஒன்றுமில்லை. "கொஞ்சம் பென்னாகரம் பக்கம் வாங்க" என்ற சமாதானப் பேச்சுக்கெல்லாம் அங்கே இடமில்லை.

எதற்காக மாற்றினார்கள்? ஒன்று, பழைய முறையில் ஒரு சேனல் அடைத்துக்கொண்டிருந்த இடத்தில், சுருக்கி மடித்த டிஜிட்டல் சேனல்கள் பல உட்காரும். இரண்டு, கணக்கு. ஒரு கேபிள்காரரிடம் எத்தனை வீடு இருக்கிறது என்பது பழைய நாளில் அவருக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். ஒவ்வொரு வீட்டிலும் நம்பர் போட்ட ஒரு பெட்டி வைத்துவிட்டால் வீட்டை ஒளிக்க முடியாது. இதற்காகவே 2011-ல் கேபிள் டிவி சட்டத்தைத் திருத்தினார்கள். முதலில் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை நான்கிற்கும் 2012 அக்டோபர் 31 என்று நாள் குறித்தார்கள் (சென்னை மட்டும் கோர்ட்டுக்குப் போய் இழுத்தடித்தது). கிராமங்களுக்குக் கடைசிப் பந்தி. 2016 டிசம்பர் 31 என்றார்கள், அப்புறம் 2017 மார்ச் 31 என்றார்கள். தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனத்துக்கு டிஜிட்டல் லைசென்ஸ் 2017 ஏப்ரலில் கிடைத்து, செப்டம்பரில் இலவச செட் டாப் பாக்ஸ் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

எங்கள் வீட்டுக்கு ஒரு கேபிள்காரர் 2018-ல் பெட்டியோடு வந்தார். டிவியின் முதுகில் ஆன்டெனா ஓட்டையில் இருந்த கேபிளைப் பிடுங்கிப் பெட்டியில் சொருகினார். பெட்டியிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று ஒயரை டிவிக்குக் கொடுத்தார். மஞ்சளில் படம், சிவப்பிலும் வெள்ளையிலும் சத்தம். "டிவி ரிமோட்ல ஏவி அமுக்கிட்டு, பாக்ஸ் ரிமோட்ல சேனல் மாத்திக்குங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்துப் போய்விட்டார்.

அம்மாவுக்குத் தலை சுற்றியது. அப்பா புரிந்துகொண்டார். அவர் அதோடு நிற்கவில்லை. காலியாகிப்போன ஆன்டெனா ஓட்டையில், ஓட்டு மேல் துருப்பிடித்து நின்ற பழைய மீன் முள்ளின் ஒயரைக் கொண்டுவந்து சொருகினார். சேனல் ஒன்றில் தூர்தர்ஷனை வைத்துக்கொண்டார். காற்று நன்றாக இருக்கிற நாளில் புள்ளி புள்ளியாக வரும். "கேபிள் நின்னாக்கூட நியூஸ் பாத்துக்கலாம்" என்பார். 2022 மார்ச்சுக்குள் தூர்தர்ஷனும் நாட்டின் பெரும்பாலான பழைய தரைவழி டிரான்ஸ்மிட்டர்களை நிறுத்திவிட்டது. அதற்கப்புறம் அந்த ஆன்டெனா காக்காய்க்கு மட்டும்தான். அப்பா ஒயரைப் பிடுங்கவில்லை.

அதனால் என்ன ஆனது என்றால், ஒவ்வொரு தடவை கரண்ட் போய் வரும்போதும் டிவி சமர்த்தாகச் சேனல் ஒன்றுக்குப் போய் நின்றுகொள்ளும். அங்கே இருப்பது புள்ளி மழை. அப்பா எழுந்து, கண்ணாடியைத் தேடி, டிவி ரிமோட்டில் ஏவியை அமுக்குவார். படம் வரும். அம்மா சீரியல் பார்ப்பாள். ஆக எங்கள் வீட்டு ஏவி மோடு என்பது உண்மையில் அப்பாதான்.

போன ஆவணியில் அப்பா இறந்துபோனார்.

அதற்கப்புறம் பக்கத்து வீட்டுப் பையன் வந்து அமுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். மூன்று வாரத்துக்கு முன் ரிமோட் கை தவறி அண்டாவுக்குள் விழுந்தது. அண்டாவில் தண்ணீர் இருந்தது.

★ ★ ★

விஷயம் தெரிந்ததும் நான் செய்த முதல் வேலை, சென்னையிலிருந்தபடியே டிவியை ரிப்பேர் செய்ய முயன்றது. ஒயர் ஏதோ கழன்றிருக்கும் என்பது என் மேதாவித்தனமான ஊகம். இதைப் போல் போனில் ரிப்பேர் செய்து பார்த்த மகன்கள் தமிழ்நாட்டில் பல லட்சம் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு இந்த உரையாடல் சமர்ப்பணம்.

"அம்மா, டிவி பின்னாடி மஞ்சள், சிவப்பு, வெள்ளை இருக்கா பாரு."

"சாமி மாடத்துலதான்டா இருக்கு. மஞ்சள், குங்குமம், விபூதி."

"அதில்லம்மா. ஒயரு!"

"ஆமா, இருக்கு."

"மஞ்சளை மஞ்சள்ல சொருகு."

"மஞ்சளை எதுக்குடா சொருகணும்? டிவிக்குக் கண்ணு பட்டுடுச்சா?"

"மஞ்சள் ஒயரை மஞ்சள் ஓட்டையில!"

"அதுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கே."

"அது என்ன கலர்?"

"மஞ்சள்."

"அப்ப நீ கையில வெச்சிருக்கிறது?"

"நீதானே கழட்டிப் பாக்கச் சொன்னே! எது எங்கே இருந்துச்சுன்னு இப்ப எனக்கே தெரியலையே..."

அரை மணி நேரத்தில், வராத படத்தோடு வருகிற சத்தமும் போயிற்று. பாத்ரூம் பல்பு மட்டும் எப்படியோ எரிய ஆரம்பித்தது என்றாள்.

"ஏம்மா மூணு வாரமா சொல்லல?"

"சொன்னா நீ பஸ் ஏறி வந்துடுவே. இங்கிருந்து பாத்தா அம்மாந்தூரம். டிவிக்காக வருவாங்களா? அதான் தெனமும் போன் பண்றியே, பேசிட்டுத்தானே இருக்கோம்."

அப்போதுதான் அந்த இருபது நிமிஷப் பேச்சுக்கு அர்த்தம் புரிந்தது. ராத்திரி ஏழிலிருந்து பத்து வரைக்கும் அந்த வீட்டில் பேசுகிற ஒரே ஜீவன் டிவிதான். அதுவும் ஊமையாகிவிட்டால் மிச்சம் நான் ஒருவன்.

நான் சுதந்திர எழுத்தாளன். அதாவது லீவு கேட்க ஆளும் கிடையாது, லீவுக்குச் சம்பளமும் கிடையாது. அன்று ராத்திரியே தர்மபுரி பஸ் பிடித்தேன்.

★ ★ ★

மறுநாள் காலை பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "எல்லா டிவிக்கும் பொருந்தும்" என்று போட்டிருந்த ஒரு ரிமோட்டை 150 ரூபாய்க்கு வாங்கினேன். ஏரியூர் போய்ப் பார்த்தால் அது எல்லா டிவிக்கும் பொருந்துவது வாஸ்தவம்தான். எல்லா பட்டனும் பொருந்தும் என்று யாரும் சொல்லவில்லையே! சத்தம் கூடியது, குறைந்தது, மெனு வந்தது. ஏவி மட்டும் வரவில்லை.

"அம்மா, இதைத் தூக்கிப் போட்டுட்டு முப்பத்திரண்டு அங்குல எல்.ஈ.டி. வாங்கித் தர்றேன்."

"ஓடற டிவியை எதுக்குடா தூக்கிப் போடணும்?"

"ஓடலையேம்மா!"

"அது ஓடுது. படம்தான் வர்ல" என்றாள். அந்த வாதத்துக்கு எதிர்வாதம் பி.காம். சிலபஸில் இல்லை. மேலும் புது டிவியில் அம்பத்திரண்டு பட்டன் வைத்த ரிமோட் வரும். அம்மாவின் பிரச்னை டிவிக்கு வயசானதில் இல்லை.

மத்தியானம் பென்னாகரத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தேன். ஐம்பத்தைந்து வயசிருக்கும். இப்போது செல்போனுக்கு டிஸ்ப்ளே மாற்றித்தான் பிழைக்கிறார். பிக்சர் டியூப் வைத்த டிவியைப் பார்த்ததும், பழைய காதலியைக் கல்யாண வீட்டில் பார்த்த மாதிரி முகம் கனிந்தது.

"தம்பி, இதுக்கு ரிமோட்டே வேணாம். முன்னாடி சேனல் குறைக்கிற பட்டனை அமுக்குங்க. இந்த மாதிரி டிவிங்க நிறையத்துல ஒண்ணுக்குக் கீழ பூஜ்யம் இருக்கும். அந்தப் பூஜ்யம்தான் ஏவி."

நான் மூன்று வாரச் சோகமும் ஒரு பஸ் டிக்கெட்டும் ஒரு பூஜ்யத்தில் அடங்கிவிட்டதே என்று வெட்கத்தோடு குனிந்தேன். பட்டன் இருந்த இடத்தில் ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. அக்கா பையன் சின்ன வயசில் கார்ட்டூனுக்காக அமுக்கி அமுக்கி அது எப்போதோ உள்ளே குடிபோய்விட்டது. வெட்கம் கொஞ்சம் குறைந்தது.

"அப்படின்னா அம்மாவுக்கு ஒரு சின்ன டிஷ் போட்டுடலாமா? தூர்தர்ஷனோட ஃப்ரீ டிஷ். மாசக் கட்டணமே கிடையாது. 93.5 டிகிரி கிழக்குல சாட்டிலைட். நம்ம ஊர்லேர்ந்து தென்கிழக்கே பாத்து வெச்சாப் போதும்."

"அக்னி மூலையா? நல்லதுதான்" என்றாள் அம்மா. "அதுல என் சீரியலு வருமா?"

"அது வராதுங்கம்மா."

"அப்ப அக்னி மூலை அடுப்புக்கே இருக்கட்டும்."

எனக்கும் அது உதவாது என்று பட்டது. பெட்டி எதுவானாலும் கரண்ட் போனால் டிவி சேனல் ஒன்றுக்குத்தான் ஓடும். ஏவியை அமுக்க ஆள் வேண்டுமே!

★ ★ ★

மெக்கானிக் டீ குடித்துக்கொண்டே யோசித்தார். நானும் யோசித்தேன். வேறு விஷயத்தை.

வெளிநாட்டில் இதை எப்படிச் சமாளித்தார்கள்? அமெரிக்காவில் 2009 ஜூன் 12-ல் பெரிய நிலையங்கள் அனலாக்கை நிறுத்தியபோது, பழைய டிவிக்குப் பெட்டி வாங்க வீட்டுக்கு இரண்டு கூப்பன், கூப்பனுக்கு 40 டாலர் என்று கொடுத்தார்கள். இங்கிலாந்தில் இன்னும் ஒரு படி மேலே. 2007-லிருந்து 2012 வரை பகுதி பகுதியாக மாற்றினார்கள். அப்போது 75 வயசு ஆனவர்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் தனியாக ஓர் உதவித் திட்டம். பி.பி.சி. பொறுப்பில் நடந்தது. சுலபமாக இயக்கக்கூடிய பெட்டி, வீட்டுக்கே ஆள் வந்து மாட்டி, எந்த பட்டன் எதற்கு என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுத்து, அப்புறமும் சந்தேகம் வந்தால் கேட்க ஒரு போன் நம்பர்.

நம்மூரிலும் அந்தத் திட்டம் உண்டு. அதற்குப் பெயர் பக்கத்து வீட்டுப் பையன். அவனுக்குப் பரீட்சை வந்தால் திட்டம் விடுமுறை.

"கரண்ட் ஒரு நாளைக்கு நாலு வாட்டி போவுது. படிக்கிற புள்ளையை எத்தினி வாட்டி கூப்பிடறது? கூச்சமா இருக்காதா?" என்றாள் அம்மா. அவள் ஆயுசில் டிவி பார்க்க யாரையும் கெஞ்சியதில்லை. குமிழைத் திருகினால் டிவி வந்த காலத்தில் அவளுக்கு யார் தயவும் தேவைப்படவில்லை. படம் தெளிவான பிற்பாடுதான் ஆள் தேவைப்பட்டது.

மெக்கானிக் டம்ளரைக் கீழே வைத்தார். "தம்பி, டிவி சேனல் ஒண்ணுலதானே போய் நிக்குது? நிக்கட்டும். நாம படத்தை அங்கே கொண்டு வந்துடுவோம்."

பையிலிருந்து சிகரெட் பெட்டி அளவில் ஒரு டப்பாவை எடுத்தார். ஆர்.எஃப். மாடுலேட்டர் என்று பெயர். "எங்கேண்ணே கிடைச்சுது?" என்றேன். "மெட்ராஸ்ல ரிச்சி ஸ்ட்ரீட். நீங்க எங்கே இருக்கீங்க தம்பி?" என்றார். ரிச்சி ஸ்ட்ரீட் என் மேன்ஷனிலிருந்து நடக்கிற தூரம். பதில் சொல்லாமல் டீ குடித்தேன்.

அந்த டப்பா செய்வது இவ்வளவுதான். செட் டாப் பாக்ஸிலிருந்து வரும் மஞ்சள், சிவப்பு, வெள்ளையை வாங்கிக்கொள்கிறது. அந்தப் படத்தையும் சத்தத்தையும் ஒரு டிவி அலை மேல் ஏற்றி, ஆன்டெனா ஒயர் வழியாக வெளியே அனுப்புகிறது. அதாவது நம் ஷெல்ஃபில் ஒரு குட்டி டிவி நிலையம். அதை ஆன்டெனா ஓட்டையில் சொருகிவிட்டால், "ஆகா, பழையபடி ஓட்டு மேலேயிருந்து வருது" என்று டிவி நம்பிவிடும். மஞ்சள் ஓட்டையே இல்லாத பழைய கறுப்பு வெள்ளை டிவியைக்கூட இப்படி ஏமாற்றலாமாம்.

ஆனால் ஓட்டை காலியாக இல்லையே. அப்பா சொருகிய ஒயர் இருந்தது.

மெக்கானிக் அதில் கை வைத்ததும் அம்மா எழுந்து வந்தாள். "அதைக் கழட்டித்தான் ஆவணுமா?"

"ஆமாங்கம்மா. இப்ப அதுல ஒண்ணும் வராது. வெறும் மழைதான்."

"அது மழை இல்லேண்ணே" என்றேன். எனக்கு ஏதாவது பேச வேண்டும் போல் இருந்தது. ஆன்டெனா மாட்டிய பழைய டிவியில் தெரிகிற புள்ளிகளில் ஒரு சின்னப் பங்கு, பிரபஞ்சம் பிறந்தபோது இருந்த வெப்பத்தின் மிச்சம். சுமார் 1380 கோடி வருஷப் பழசு. 1964-ல் அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்று இரண்டு பேர் தங்கள் ஆன்டெனாவில் ஓயாமல் ஓர் இரைச்சல் கேட்க, புறா எச்சம்தான் காரணமோ என்று தேய்த்துக் கழுவியெல்லாம் பார்த்தார்கள். இரைச்சல் போகவில்லை. அது இந்த மிச்சம்தான் என்று தெரிந்து 1978-ல் நோபல் பரிசு வாங்கினார்கள்.

"அம்மாந்தூரத்துலேர்ந்தா வருது!" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் புள்ளிகளையே பார்த்தாள். "சரி, கழட்டுங்க தம்பி. ஆனா வெட்டிடாதீங்க. சுருட்டி அப்படியே ஆணியில மாட்டிடுங்க."

மெக்கானிக் ஒயரைப் பூ மாதிரி சுருட்டி ஆணியில் மாட்டினார்.

டப்பாவைப் பொருத்தி, என் 150 ரூபாய் ரிமோட்டில் மெனுவுக்குப் போய் (அதற்கும் ஒரு நாள் வந்தது!) அலையைத் தேடவிட்டார். படம் வந்தது. கூடவே மாவு மில் மாதிரி கொர்ர்ர் என்று ஒரு சத்தம்.

"அமெரிக்கா முறையில இருக்கு" என்றார் மெக்கானிக். படத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே அவர்களுக்கு 4.5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி, நமக்கு 5.5. டப்பாவின் பின்னால் இருந்த குட்டி ஸ்விட்சை நகத்தால் தள்ளினார். கொர்ர் நின்று, ஒரு மாமியார் பளிச்சென்று மருமகளைத் திட்ட ஆரம்பித்தாள். அம்மாவின் முகத்தில் இருபத்திரண்டு நாளாகக் காணாமல் போயிருந்த ஏதோ ஒன்று வந்தது.

அதைச் சேனல் ஒன்று என்று பதிவு செய்தார். மெயின் ஸ்விட்சை அணைத்துப் போட்டார். டிவி வழக்கம் போல் ஒன்றுக்கு ஓடியது. அங்கே மழை இல்லை. மாமியார் இருந்தாள். செட் டாப் பாக்ஸும் கடைசியாகப் பார்த்த சேனலிலேயே எழுந்து நின்றது. இனி கரண்ட் நாலு தடவை என்ன, நாற்பது தடவை போகட்டும்.

"ஏவியில வர்றதை விடக் கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கும்" என்றார் மெக்கானிக்.

"இதாங்க கண்ணுக்கு இதமா இருக்கு" என்றாள் அம்மா.

டப்பாவும் கூலியும் சேர்த்து அறுநூறு ரூபாய். அவர் போன பிறகு, பாக்ஸ் ரிமோட்டில் சேனல் மாற்றும் இரண்டு பட்டனிலும் சத்தத்துக்கான இரண்டு பட்டனிலும் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினேன். சேனலுக்குச் சிவப்பு, சத்தத்துக்குக் கறுப்பு. மற்ற பட்டனையெல்லாம் செல்லோ டேப்பால் மூடிவிட்டேன். இங்கிலாந்தின் உதவித் திட்டம் ஏரியூரில் இவ்வாறாக அமலுக்கு வந்தது.

★ ★ ★

மறுநாள் சென்னை வந்து சேர்ந்தேன். ராத்திரி எட்டரை. கட்டில். போன்.

"சாப்டியாம்மா?"

"ஆச்சு, ஆச்சு."

"டிவி வருதா?"

"வருது."

"நிஜமா?"

"சத்தியமா வருதுடா."

"என்ன போட்டான்?"

"எம்.ஜி.ஆர். படம்."

எனக்குப் பகீர் என்றது. "அம்மா, பொய் சொல்லாதே. வரலேன்னா வரலேன்னு சொல்லு. நாளைக்கே கெளம்பி வர்றேன்."

"அட, நீயே கேளு" என்று போனை டிவி பக்கம் நீட்டினாள். கத்திச் சண்டை. டணார் டணார் என்று இரும்பு மோதுகிற சத்தம். நடுவில் நம்பியார் சிரிக்கிற சிரிப்பு. சந்தேகமே இல்லை.

"கேட்டுச்சா? இப்பதான் வில்லனைப் புடிக்கப் போறாரு. வெச்சிட்டு அப்புறமா பேசு" என்றாள்.

டொக்.

மணியைப் பார்த்தேன். நாற்பது செகண்ட்.